கடல் மணலில் நாற்று நட்டவள்

இது நடந்தது. பக்கீர் முகம்மது தன் ஆயுளில் வெகு சிலரிடம்தான் இதைச் சொன்னார். யாரிடம் சொன்னபோதும் ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. கேட்டவர்கள் எல்லாரும் சொல்லிவைத்ததுபோல் ஒரே விதமாகச் சொல்கிறார்கள். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது இருட்டில் நடந்ததல்ல. நல்ல வெயிலில், அவரவர் நிழல் அவரவர் காலடியில் சுருண்டு கிடக்கும் உச்சிப்பொழுதில் நடந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. திருவாரூருக்குக் கிழக்கே, இரண்டு பக்கமும் வயலாக நீளும் சாலை ஓரத்தில் பக்கீர் முகம்மதுவின் சைக்கிள் கடை இருந்தது. வாடகைக்கு சைக்கிள் விடுவார், பஞ்சர் ஒட்டுவார். சொந்த ஊர் கூத்தாநல்லூர். மனைவி தவறிய பிறகு கடையிலேயே சாப்பாடு, கடையிலேயே படுக்கை. கடை நின்ற இடம் அந்த ஊர் மிராசுதாருடையது. காலி செய் என்று ஒரு வார்த்தை சொன்னால் மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

அந்த வருஷம் புரட்டாசி பிறந்தும் சம்பா நடவு தொடங்கவில்லை. சர்க்கார் நிர்ணயித்த கூலியைக் கொடுத்தால்தான் வயலில் இறங்குவோம் என்று கூலியாட்களின் தெருவே உட்கார்ந்துவிட்டது. மிராசுதார் வெளியூரிலிருந்து லாரியில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். வந்தவர்களை வரப்பில் மறித்துப் பெண்கள் நின்றார்கள். எல்லாருக்கும் முன்னால் நின்றவள் அமிர்தம். காத்தானின் மனைவி. முப்பது வயதிருக்கும். எப்போதோ அரிவாள் பட்ட இடது காலைக் கொஞ்சம் வீசித்தான் நடப்பாள். பக்கீர் அவளோடு பேசிப் பழகியதில்லை. ஆனால் தினமும் விடியலில் கடையைக் கடந்து வயலுக்குப் போகிற அந்த நடையை எவ்வளவு தூரத்திலிருந்தும் அவரால் அடையாளம் சொல்ல முடியும்.

மறியல் நடந்த அன்று அந்தி மயங்கும் நேரம். மிராசுதாரின் ஜீப் கடை முன்னால் வந்து நின்றது. பின்சக்கரத்தில் காற்று இல்லை. டிரைவர் அவசரப்படுத்தினான். பக்கீர் சக்கரத்தைக் கழற்றி, ட்யூபை உருவி, ஒட்டுப் போட்டு, மறுபடி மாட்டக் குனிந்தார். ஜீப்பின் பின்பக்கம் சாக்குகள் குவிந்து கிடந்தன. அடியிலிருந்து ஒரு பாதம் நீட்டிக்கொண்டிருந்தது. சேறு இன்னும் காயாத பாதம்.

விரல்கள் அசைந்தன.

அவர் பார்த்ததை டிரைவர் பார்த்துவிட்டான். ஒன்றும் பேசவில்லை. பக்கீரும் பேசவில்லை. ஜீப் கிழக்கே போயிற்று.

இருட்டிய பிறகு அமிர்தத்தைத் தேடிக்கொண்டு காத்தான் அரிக்கேன் விளக்கோடு ஓடி வந்தான். மூச்சு வாங்கியது.

"பாய், இந்தப் பக்கம் ஜீப்பு எதும் போச்சுங்களா?"

"பாக்கல காத்தான்."

அவ்வளவுதான் சொன்னார். காத்தான் விளக்கைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

விடிந்ததும் காரியக்காரர் இராஜாங்கம் வந்தார். மிராசுதாரின் நிலம், ஆள், கோர்ட்டு விவகாரம் எல்லாவற்றையும் கவனிப்பவர். குரலை உயர்த்தியே பேச மாட்டார். பக்கீரின் இருமலைப் பற்றி அக்கறையாக விசாரித்தார். கடல் காற்று பட்டால் நெஞ்சுச் சளி இறங்கும் என்றார். தரங்கம்பாடியில் உங்கள் சின்னம்மா மகள் இருக்கிறாளாமே, போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வாருங்கள், போலீஸ் விசாரணை எல்லாம் அதற்குள் அடங்கிவிடும் என்றார்.

"கடை எங்கயும் போயிடாது பாய். நீங்க பதனமா இருங்க."

பக்கீர் அடுத்த பஸ்ஸில் ஏறினார்.

சின்னம்மா மகள் சைத்தூன் பீவி பள்ளிவாசலுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தாள். புருஷன் பினாங்கில் கடை வைத்திருந்தார். பக்கீரை நானா, நானா என்று வாய் நிறைய அழைப்பாள். கூடப் பிறந்த அண்ணனைப் போலத்தான். ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. நல்ல மீனாகப் பார்த்து வாங்கி ஆணம் காய்ச்சினாள்.

மறுநாள் நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் பக்கீர் ஊர் பார்க்கக் கிளம்பினார். இந்த நேரத்தில் கடற்கரைப் பக்கம் போகாதீர்கள் என்றாள் சைத்தூன். வெயிலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்தார்.

அழகான ஊர். அதை அவர் ஒருபோதும் மறுத்ததில்லை. வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய பெரிய நகர வாசல். அதைத் தாண்டினால் கடல்வரை நேர்க்கோடாகப் போகும் ராஜ வீதி. நம் ஊர்த் தெருக்களைப் போல வளைவு நெளிவு இல்லை. டேனிஷ்காரர்கள் வாழ்ந்த தூண் வைத்த வீடுகள், இரண்டு தேவாலயங்கள், கடைசியில் கோட்டை. கோட்டைக்கு வடக்கே, அலை பாதி தின்றுவிட்ட சிவன் கோயில். இடிந்த கல்லின்மேல் நுரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது நெஞ்சு லேசானது. அந்தப் பாதத்தைக் கொஞ்ச நேரம் மறந்தே போனார்.

திரும்பும் வழியில்தான் தடத்தைப் பார்த்தார்.

வெள்ளை மணல் தெரு. அதன் நடுவே கறுப்பாக, ஈரமாக ஒரு காலடி. அதற்கு முன்னால் இன்னொன்று. அந்த வெயிலில் தண்ணீர் கொட்டினால் கண்மூடித் திறப்பதற்குள் காய்ந்துவிடும். இது காயவில்லை. குனிந்து தொட்டார். ஜில்லென்று இருந்தது. விரலை மோந்து பார்த்தார்... நாற்றங்கால் வாடை. வயற்சேறு.

அந்தத் தெருவில் ஏது வயல்? வயலைப் பார்க்க மேற்கே வெகுதூரம் போக வேண்டும்.

வலது கால் அழுத்தமாகப் பதிந்திருந்தது. இடது கால் ஒவ்வொரு தடவையும் மணலை இழுத்திருந்தது.

தடத்தைப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டு போனார். ஒரு பழைய பங்களாவின் இரும்புக் கேட்டில் அது தொடங்கியது. கேட்டில் கனமான பூட்டு. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. பூட்டிய கேட்டுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து வருவதுபோல் அந்தத் தடம் தெருவுக்கு வந்திருந்தது. கேட்டோரம் ஒரு நாற்று கிடந்தது. பச்சை மாறாத நாற்று. தெருவில் மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று அதை மோந்து பார்த்தது. பிறகு பின்வாங்கி, சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

அன்று வேறு தெரு வழியாக வீட்டுக்குத் திரும்பினார்.

அடுத்த நாள் போகக் கூடாது என்றுதான் இருந்தார். ஆனால் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. அந்தத் தெருவை விட்டு வேறு தெருவில் நடந்தார். தேவாலய மணி அடித்து ஓய்ந்தது. தெருவில் ஒரு ஆள் இல்லை. காற்றுகூட நின்றுவிட்டது.

சளக்...

பின்னால் கேட்டது. சேற்றிலிருந்து காலைப் பிடுங்கும் சத்தம். டெல்டாவில் பிறந்த யாருக்கும் அது தெரியும்.

சளக்... சளக்...

கீழே பார்த்தார். காய்ந்த மணல்.

சத்தம் அவரைத் தாண்டிப் போயிற்று. நிமிர்ந்தபோது அவருக்கு முன்னால் ஒரு பெண் போய்க்கொண்டிருந்தாள். முதுகுதான் தெரிந்தது. முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிய சேலை. இரண்டு கையிலும் நாற்று முடிச்சு. அவற்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. இடது காலை வீசி வீசி...

தினமும் விடியலில் கடையைக் கடந்து போன அதே நடை.

தெரு முனையில் அவள் நின்றாள். திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள். குரல் மிகவும் மெலிந்து, உள்ளே எங்கோ அடைபட்டு வருவதுபோல் இருந்தது.

"பாய்... தண்ணி குடுங்க."

ஓடினார். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. பள்ளிவாசல் சந்துக்குள் வந்து விழுந்தபோது கால் இரண்டும் வெந்திருந்தன.

சாயங்காலம் காய்ச்சல். சைத்தூன் நெற்றியில் ஈரத்துணி போட்டாள். தான் கண்டது எதையும் சொல்லாமல், கடலோரத் தெருவில் பூட்டிக் கிடக்கும் பங்களா யாருடையது என்று கேட்டார். உங்கள் பக்கத்து மிராசுதார் வாங்கிப் போட்டதுதான், கோடையில் குடும்பத்தோடு வந்து தங்குவார்கள் என்றாள். ஒரு காவல்காரன் இருந்தான், இரண்டு நாளாக அவனையும் காணோம் என்றாள்.

பக்கீருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அல்லது விளங்கிவிட்டதாக நினைத்தார். அவளை இங்கேதான் கொண்டுவந்திருக்கிறார்கள். இங்கேதான் கொன்றிருக்கிறார்கள். ரூஹ் அடங்காமல் ஆவியாய் அலைகிறது. தன்னையும் இதே ஊருக்கு இராஜாங்கம் அனுப்பியது ஏன் என்பதும் புரிந்தது. இரண்டு பேரையும் ஒரே ஊரில் வைத்துக் கண்காணித்துக்கொள்ளலாம்.

போலீசுக்குப் போகலாமா என்று நினைத்தார். நினைத்தார்தான். செத்தவளுக்காகப் போய் இனி என்ன ஆகப்போகிறது? அவள் திரும்பி வரப்போவதில்லை. கடை போகும். தன் உயிரும் போகலாம். காத்தானிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம். அவசரம் என்ன... தெரிந்த ஆயத்துகளை எல்லாம் ஓதிக்கொண்டு கண்ணை மூடினார்.

மூன்றாவது நாள் உச்சிப்பொழுதில் கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். சைத்தூன் அடுப்படியிலிருந்து வந்தாள். மூக்கைச் சுளித்தாள்.

"என்னா நானா, வூட்டுக்குள்ள சேத்து வாடை அடிக்கிது?"

அவளுக்கும் அடித்திருக்கிறது.

பிறகு அவளுக்குக் கேட்காத ஒன்று அவருக்குக் கேட்டது. தூரத்தில், கடல் பக்கம், குலவை. நடவு தொடங்கும்போது பெண்கள் எல்லாம் சேர்ந்து எழுப்பும் குலவை. ஆனால் இது ஒரே ஒரு குரல். மூச்சுப் போதாமல் அறுந்து அறுந்து வந்தது.

எப்படிக் கதவைத் திறந்தார், எப்படித் தெருவுக்கு வந்தார் என்று அவரால் சொல்ல முடியவில்லை. இழுத்துக்கொண்டு போனதுபோல் இருந்தது என்பார். கோட்டையைத் தாண்டி, இடிந்த கோயில் ஓரம், ஈர மணலில் வந்து நின்றார்.

அலை உள்வாங்கியிருந்தது. அவள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தாள்.

கடல் மணலில்... நாற்று.

வயலில் நடுவதுபோலவே. பிரித்து, ஊன்றி, பிரித்து, ஊன்றி. பச்சையாக வரிசை நீண்டது. அவளுக்கு முன்னால் நட்ட வரிசை. பின்னால் அவர்.

நடவு நடுகிறவர்கள் பின்னோக்கித்தான் நடப்பார்கள்.

ஒரு அடி பின்னால் வைத்தாள்.

சளக்...

குனிந்த முதுகு அவரை நோக்கி வந்தது. இன்னொரு அடி.

சளக்...

காலைத் தூக்கப் பார்த்தார். தூக்க முடியவில்லை. வெறும் மணல்தான். சேறுபோல் கவ்வியிருந்தது.

தண்ணீர் சொட்டும் சத்தம். நாற்று வாடை.

சளக்...

கைநீட்டினால் தொடும் தூரம்.

நின்றாள்.

கையில் இருந்த கடைசி நாற்றை ஊன்றினாள்.

இடுப்பில் கையை வைத்து... மெதுவாக நிமிர்ந்தாள்.

திரும்பினாள்.

அமிர்தம்தான். கோர முகம் இல்லை. தலைமுடி, கை, சேலை எல்லாவற்றிலிருந்தும் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. உதடு மட்டும் காய்ந்து, வெடித்து, தோல் உரிந்திருந்தது. கோடை வயல்போல.

வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. என்ன கேட்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்தது.

பிறகு ஒன்றும் தெரியவில்லை.

முகத்தில் தண்ணீர் பட்டு விழித்தபோது மாரியப்பன் என்ற மீனவர் குனிந்து நின்றார். கட்டுமர நிழலில் வலை கோத்துக்கொண்டிருந்தவர். யாரைப் பார்த்துக்கொண்டு அவ்வளவு நேரம் வெயிலில் நின்றீர்கள் என்று கேட்டார். அவர் கண்ணுக்குப் பக்கீர் மட்டும்தான் தெரிந்திருக்கிறார். அப்படிக் கேட்டுக்கொண்டே மணலைப் பார்த்தவர், பேச்சை நிறுத்தினார்.

"இது என்னாங்க பாய்... கடக்கரையில யாரு நாத்து நட்டது?"

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அலை ஏறியது. இறங்கியபோது மணல் வழுவழுவென்று கிடந்தது.

பக்கீர் அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ஜீப், சாக்கு, பாதம், காத்தானிடம் சொன்ன பொய், எல்லாம். மாரியப்பன் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு, வாங்க போவோம் என்று எழுந்தார். அவர்தான் போலீஸ் ஸ்டேஷன்வரை கூட வந்தார். அங்கே பக்கீர் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான்: ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டார்கள், அந்தப் பங்களாத் தோட்டத்தில்தான் புதைத்திருப்பார்கள், தோண்டிப் பாருங்கள்.

தோண்ட வேண்டியிருக்கவில்லை. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் பூட்டை உடைத்தார்கள். பின்கட்டில், ஜன்னல் இல்லாத சாமான் அறையில், கதவோரம் அமிர்தம் கிடந்தாள். உயிர் இல்லை. அந்த அறையில் தரை, சுவர் எல்லாம் காய்ந்து கிடந்தது. ஒரு பொட்டு ஈரம் இல்லை.

வழக்கு நடந்தது. பக்கீர் கூண்டில் ஏறிப் பார்த்ததைச் சொன்னார். ஜீப்பை மட்டும், மற்றதை அல்ல. டிரைவருக்கும் காவல்காரனுக்கும் தண்டனை கிடைத்தது. இராஜாங்கம் அப்பீலில் தப்பினார். மிராசுதார் பேர் கடைசிவரை எந்த இடத்திலும் வரவில்லை. சைக்கிள் கடை போயிற்று. பக்கீர் தரங்கம்பாடியிலேயே தங்கிவிட்டார். காத்தான் ஒரே ஒரு தடவை வந்து, கடற்கரையில் அவருக்குப் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு பஸ் ஏறினான்.

ஆனால் பக்கீரை உலுக்கியது அதற்கெல்லாம் முன்னால், பூட்டை உடைத்ததற்கு மறுநாள் வந்த செய்தி. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்த மாரியப்பன் டாக்டர் சொன்னதை வந்து சொன்னார். அமிர்தத்துக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு காலிலும் எலும்பு முறிந்திருந்தது. ஓரடிகூட நடந்திருக்க முடியாது. ஆனால் அதனால் சாகவில்லை. யாரும் வெட்டவில்லை, குத்தவில்லை, கழுத்தை நெரிக்கவில்லை. காவல்காரன் பயந்துபோய்க் கதவைப் பூட்டிவிட்டு ஓடியதிலிருந்து தண்ணீர் இல்லாமலேயே கிடந்திருக்கிறாள். போலீஸ் உள்ளே போனபோது உடம்பில் இன்னும் சூடு இருந்ததாம். அன்று உச்சிப்பொழுதில்தான் உயிர் பிரிந்திருக்கிறது என்றாராம் டாக்டர்.

நடந்ததை எல்லாம் பக்கீர் முந்தின இரவே சைத்தூனிடம் சொல்லியிருந்தார். மாரியப்பன் போன பிறகு சைத்தூன் பீவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து விரல்விட்டு எதையோ கணக்குப் பார்த்தாள். பிறகு மிகவும் தணிந்த குரலில் கேட்டாள்.

"அப்ப, அவ ஒங்கள்ட்ட தண்ணி கேட்டாளே அன்னிக்கி... அவ உசுரோடதானே நானா இருந்திருக்கா?"